ஓட்டை போடாமல் ஒரு நம்பர் பிளேட்

உங்கள் வீட்டில் காடி இருந்தால், அதன் முன்பக்க நம்பர் பிளேட்டை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். வெள்ளத் தண்ணீரில் ஓட்டும்போது முதலில் கழன்று போவது அதுதான். போன பிறகு தேடினால் கிடைப்பதில்லை.

எங்கள் கதை வேறு. என் மூத்த மகள் ஈப்போவில் வேலை செய்கிறாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, செம்பனைக்காட்டு வளைவில் காட்டுப்பன்றி ஒன்று அவளுடைய மைவியின் மேல் பாய்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. பம்பர்தான் இரண்டாகப் பிளந்தது. மறுநாள் பட்டணத்தில் பாதிச் சம்பளத்தைக் கொடுத்து, சாயம் அடித்த வேறொரு பம்பரை மாட்டிக்கொண்டு வந்தாள். நம்பர் பிளேட் மட்டும் பின் இருக்கையில் கிடந்தது.

"ஏம்மா, அதையும் அங்கேயே மாட்டியிருக்கலாமே?" என்றேன்.

"டிரில்லைத் தூக்கிட்டு வந்தாருப்பா. வேணாம்னு சொல்லிட்டேன். நீங்களும் அதைத் தொடாதீங்க."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். 2003-ஆம் ஆண்டு டிசம்பரில் நான் ஒரு பழைய கஞ்சில் வாங்கினேன். எங்கள் லயத்தில் அதற்கு முன் சொந்தக் காடி வைத்திருந்தவர் ஒருவர்தான். பிளேட் தொங்கியதால் ஒரு பட்டறையில் விட்டேன். அங்கிருந்த பையன் டிரில்லை அழுத்தியபோது அது வழுக்கி, கிரில்லைத் தாண்டி உள்ளே போயிற்று. 'உஷ்' என்று ஒரு சத்தம். ஏர்கோண்டின் கண்டென்சர், அதாவது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் மெல்லிய தகடு, ஓட்டையாகிவிட்டது. பொறுப்பேற்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேரவிருந்த மகளின் சீருடைக்கும் சப்பாத்துக்கும் சேர்த்து வைத்த பணம் அதில் போயிற்று. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பழைய சப்பாத்தை, முன்பக்கம் பஞ்சு திணித்துப் போட்டுக்கொண்டுதான் அவள் பள்ளிக்குப் போனாள். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. பேசாததுதான் எனக்குக் கஷ்டம்.

சரி, ஓட்டை வேண்டாம். இரண்டு பக்கமும் ஒட்டும் பஞ்சு டேப்பை வாங்கி, அன்று மாலையே தூறலில் ஒட்டினேன். ஞாயிறு காலை சந்தைக்குப் போய் வந்தபோது, செம்மண் பாதைக் குலுக்கலில் ஒரு முனை விட்டுத் தொங்கியது. தவறு டேப்பில் இல்லை, என்னிடம்தான். பம்பரில் மெழுகுப் பாலிஷ் இருந்தது, ஈரமும் இருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, நன்றாக அழுத்தி ஒட்டினால் நல்ல டேப் பிடிக்கும். ஆனால் முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். சாயம் அடிக்காத கறுப்புப் பிளாஸ்டிக்கில் லேசில் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை வேலைக்கு நிற்க வேண்டியவளுக்கு 72 மணி நேரம் எங்கே இருக்கிறது?

பிளேட்டைக் கண்ணாடிக்குள் சாய்த்து வைத்துக்கொண்டு போ என்று என் மனைவி சொன்னாள். முன்னும் பின்னும் எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது சட்டம். எழுத்து 70 மில்லிமீட்டர் உயரம், 40 மில்லிமீட்டர் அகலம் என்றுகூட அளவு வைத்திருக்கிறார்கள். சாலைத் தடுப்பில் நிறுத்தினால் என்ன சொல்வது?

பிறகுதான் பம்பரின் கீழ்க் கிரில்லைப் பார்த்தேன். அதுவே இடுக்கு இடுக்காகத்தானே இருக்கிறது! போல்ட் நுழைய ஓட்டை எதற்கு?

விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை இடுக்கு வழியாக மெல்ல விட்டேன். கண்டென்சரில் தொட்டதும் விரலால் பிடித்து அளந்தேன். போல்டின் வால் அதைவிட இரண்டு விரற்கடை குறைவாகவே இருக்க வேண்டும். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். இரும்புக் கடையில் வாங்கிய அலுமினியப் பட்டை ஒன்றை அறுத்து, பிளேட்டில் ஏற்கெனவே இருந்த இரண்டு ஓட்டைகளுக்கு நேராக அதில் ஓட்டை போட்டேன். என் டிரில் பாய்ந்தது அந்தப் பட்டையில்தான், காடியில் அல்ல. பட்டையைப் படுக்கையாக இடுக்கில் நுழைத்துப் பின்னால் நிறுத்தினேன். முன்னால் பிளேட், பின்னால் பட்டை, நடுவில் கிரில். கிரில்லைத் தொடும் இடத்திலெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். இல்லாவிட்டால் ஓடும்போது கடகடவென்று சத்தம் வரும், கிரில்லும் தேயும்.

நட்டைப் பிடிக்க என் கை கீழ் வழியாகப் போகவில்லை. முப்பது வருடம் பால் வெட்டிய கை, முறம் போல இருக்கிறது. மகள் தரையில் சாக்கை விரித்துப் படுத்து, கையை உள்ளே விட்டாள்.

"இதானேப்பா?"

"அதேதாம்மா. விட்டுடாதே."

நைலான் வளையம் வைத்த நட்டுதான் போட்டோம். அது அதிர்வில் தானாகக் கழலாது. ரொம்பவும் முறுக்கவில்லை, கிரில் பிளாஸ்டிக்தானே, விரிசல் விடும். பிளேட் கிரில்லின் மேல்பாதியை மட்டும் மறைக்கும்படி பார்த்துக்கொண்டோம். முழுவதும் மூடினால் ரேடியேட்டருக்குக் காற்று போகாமல் இஞ்சின் சூடேறும்.

எல்லாம் முடிந்ததும் அவள் எழுந்து, பிளேட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஒன்றும் சொல்லாமல் என் கையில் ஒட்டியிருந்த கிரீஸை அவளுடைய துவாலையாலேயே துடைத்துவிட்டாள்.

மாலை ஆறு மணிக்குக் கிளம்பினாள். அரை மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் சாதாரண மழை அல்ல. லயத்துக் கால்வாய் வழிந்து வாசலுக்கு வந்துவிட்டது. நான் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு அடித்தது.

"பிளேட் இருக்காம்மா?"

"இருக்குப்பா. நான் வந்து சேர்ந்துட்டேனான்னு முதல்ல கேளுங்க!"