கடைமடையில் இருக்கிறது சூட்சுமம்

நாகப்பட்டினத்துக்காரர்களுக்குக் 'கடைமடை' என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வெண்ணாற்றிலிருந்து பிரிகிற வெட்டாறு நாகூர் பக்கம் கடலைத் தொடும். வழியெல்லாம் கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்துகொண்டே போகும். அணையில் எத்தனை அடி இருந்தால் என்ன? கடைசி மதகு சரியில்லை என்றால் வயல் காய்ந்துதான் கிடக்கும்.

சரி, இதற்கும் வேதியியலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. டென்ட்ரைமர் என்று ஒரு பாலிமர். கிரேக்கத்தில் 'டென்ட்ரான்' என்றால் மரம். சாதாரண பாலிமர் கயிறு மாதிரி நீளும். இது நடுவில் ஒரு கருவை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் கிளைவிடும். அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் டொனால்ட் டொமாலியா குழு 1985-ல் வெளியிட்ட பமாம் வகைதான் இதில் பிரபலம். இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் 'தலைமுறை' என்றே பெயர். நுனிகள் 4, 8, 16, 32 என்று இரட்டித்து, நாலாம் தலைமுறையில் 64 ஆகிவிடும். மொத்த உருண்டையின் குறுக்களவோ சுமார் 4.5 நானோமீட்டர்தான்! உள்ளே இருக்கிற இடுக்குகளில் மருந்தை ஏற்றி உடம்புக்குள் அனுப்பலாம் என்பது யோசனை.

இரத்தத்தில் இறங்கியதும்தான் பிரச்சினை ஆரம்பம். அங்கே ஆல்புமின் என்ற புரதம் ஏராளமாக மிதக்கிறது. அது உருண்டையின் கருவைப் பார்ப்பதில்லை, கிளைகளையும் பார்ப்பதில்லை. அதன் கையில் படுவது நுனிகள் மட்டுமே. நுனியில் அமீன் இருந்தால் அது இரத்தத்தில் நேர்மின்னூட்டம் பெறும். ஆல்புமினோ மொத்தத்தில் எதிர்மின்னூட்டம் கொண்டது. அப்புறமென்ன, ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுக்களின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம்தான். அமீன் நுனிகள் அதிலும் போய் ஒட்டி, அணுவையே உடைத்துவிடக்கூடும். நோயைத் தீர்க்கப் போன வண்டியே நோயாளியை மோதினால் எப்படி?

அதே உருண்டை, அதே கிளைகள். நுனியில் மட்டும் அமீனுக்குப் பதில் ஹைட்ராக்சில் தொகுதியை வைத்தால் இந்த ஒட்டல் வெகுவாகக் குறைகிறது. மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகத்தில் என்.கே.ஜெயின் குழுவினர் வேறு வழியில் போனார்கள். நாலாம் தலைமுறை பமாமின் நுனிகளில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற சங்கிலியைக் கட்டி, ஃப்ளூரோயூராசில் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிப் பார்த்தார்கள். மருந்து வழியில் கசிவதும் குறைந்தது, சிவப்பணு உடைவதும் குறைந்தது என்று 2003-ல் எழுதினார்கள். அந்தச் சங்கிலி தன்னைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புரதம் நெருங்க இடம் கிடைக்காது.

அப்படியென்றால் ஒட்டாததுதான் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம் நண்பர்களே. ஆஸ்திரேலியாவின் ஸ்டார்ஃபார்மா தயாரித்த விவாஜெல் மருந்தில் இருப்பதும் ஒரு டென்ட்ரைமர்தான். அதன் 32 நுனிகளிலும் வேண்டுமென்றே சல்ஃபோனேட் தொகுதிகளை வைத்தார்கள். எச்.ஐ.வி. கிருமியின் மேலுள்ள புரதத்தில் அது ஒட்டிக்கொண்டு, கிருமி நம் அணுவைப் பிடிக்க விடாமல் தடுக்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். இங்கே ஒட்டுவதுதான் வேலையே!

வரவு இருந்தால் செலவும் உண்டு. போர்வையைக் கனமாகப் போர்த்தினால் இரத்தப் புரதம் ஒட்டாது, உண்மைதான். ஆனால் மருந்து போய்ச் சேர வேண்டிய புற்றணுவும் அதை உள்ளே விடத் தயங்கும். ஆகவே எத்தனை நுனியை மூடுவது, எத்தனையைத் திறந்து விடுவது என்பதில்தான் சாமர்த்தியம்.

கடைமடை விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். மதகை முழுக்கத் திறந்தாலும் நஷ்டம், முழுக்க அடைத்தாலும் நஷ்டம் என்பார். 4.5 நானோமீட்டரிலும் அதே கதைதான்.