கித்துல்கல ஆற்றங்கரையில்

கண்டிக்குச் செல்வோர் தலதா மாளிகையைக் காண்பர், ஏரிக்கரையில் உலாவுவர், பேராதனைப் பூந்தோட்டத்தில் அரைநாள் கழிப்பர். சென்ற விடுமுறையில் நாங்களும் அவ்வாறே செய்தோம். ஆயினும் எம்முடன் வந்த என் தமையனாரின் மகள், கல்லூரி மாணவி, அதனோடு நிறைவடையவில்லை.

"சித்தப்பா, குவாய் நதிப் பாலம் படத்தை எடுத்த இடம் இங்கிருந்து தொலைவோ?" என்று கேட்டாள்.

அதற்குக் காரணம் உண்டு. அலெக் கின்னஸ் என்னும் பிரிட்டிஷ் நடிகரை அவள் விகட நடிகராகவே அறிந்திருந்தாள். 1949இல் வெளிவந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அன்ட் கோரனெட்ஸ்' என்ற படத்தில் அவர் ஒரே குடும்பத்தினர் எண்மராகத் தோன்றுகிறார். அவர்களுள் ஒருவர் சீமாட்டி! அதைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தவள் அவள். அத்தகையவர் படைத்தளபதியாக நடித்து உலகப் புகழ் பெற்றது எவ்வாறு என்பதே அவள் ஐயம்.

விடை தேடும் பயணம் பேராதனையிலேயே தொடங்கிவிட்டது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தை அமைத்தது இப்பூந்தோட்டத்தில்தான். பின்னர் படத்தின் சில காட்சிகளும் இங்கு எடுக்கப்பட்டன. மெய்யான போர்த் தலைமையகம் பொய்யான போருக்கும் களமாயிற்று!

மறுநாள் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தனை வழியாக மலையிறங்கினோம். தேயிலைச் சரிவுகள் பின்தங்கின; காடு அடர்ந்தது; காற்றில் வெம்மை ஏறியது. கித்துல்கலவில் களனி கங்கை பாறைகளினூடே சலசலத்து ஓடுகிறது. இங்குதான் நெறியாளர் டேவிட் லீன் ஏறத்தாழ 425 அடி நீள மரப்பாலத்தை எழுப்பி, 1957 மார்ச்சில் புகைவண்டியோடு தகர்த்தார். இன்று எஞ்சியிருப்பவை கரையிலுள்ள சில கொங்கிரீட் அடித்தளங்களே. அவற்றின்மேல் பாசி படர்ந்திருக்கிறது.

அங்கே அமர்ந்து அவளுக்கு ஒரு காட்சியை நினைவூட்டினேன். தகரக் கூண்டில் அடைபட்டு வாடிய தளபதி நிக்கல்சன் வெளியே வருகிறார். கால்கள் துவள்கின்றன, தலை மட்டும் நிமிர்ந்திருக்கிறது. அந்நடையைக் கின்னஸ் எங்கே கற்றார்? இளம்பிள்ளை வாதத்தால் இடுப்புக்குக் கீழே சிலகாலம் செயலிழந்து, மெல்லத் தேறிவந்த தம் சிறு மகனின் நடையே தம்மை அறியாமல் அதில் வந்தமைந்தது என்று அவர் பின்னாளில் கூறினார். தந்தையின் துயரமே நடிகரின் கலையாயிற்று.

பாத்திரத்தை எவ்வாறு நடிப்பது என்பதில் அவரும் லீனும் கடுமையாக மோதிக்கொண்டனர். முடிவில் படம் ஏழு ஆஸ்கார் விருதுகளை வென்றது; சிறந்த நடிகருக்கானதும் அவற்றுள் ஒன்று. அவர் திறமை அத்துடன் நிற்கவில்லை. 1958இல் வந்த 'த ஹோர்சஸ் மவுத்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் அவரே. 'லோரன்ஸ் ஒவ் அரேபியா'வில் அரபு இளவரசர். 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் முதிய வீரர். 1985இல் தம் நினைவுகளையும் நூலாக்கினார்.

"சிரிக்க வைக்கத் தெரிந்தவருக்கு அழவைக்கவும் தெரியும் போலும்!" என்றாள் மகள். சற்று நேரம் ஆற்றையே பார்த்திருந்துவிட்டு, "அந்த ரயில் பாதையில் நம்மவரும் வேலை செய்தார்களாமே, படத்தில் காணோமே?" என்றாள்.

எனக்கு உடனே விடை வரவில்லை. கதை கற்பனை, ஆனால் சயாம்–பர்மா ரயில் பாதை மெய். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அதனை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். காலராவும் பசியும் அடியும் அவர்களை வாரிக்கொண்டன. போர்க் கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டங்கள் உண்டு. இவர்களுள் பலருக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. திரைக்கதையிலும் இடம் கிடைக்கவில்லை.

பொழுது சாய்ந்தபோது திரும்பினோம். ஒரு கலைஞரின் பன்முகங்களைக் காணச் சென்ற நாங்கள், எவரும் காட்டாத முகங்களையும் நினைந்தவாறே கண்டி வந்து சேர்ந்தோம். மாணவர்களே, அப்படத்தைக் காணுங்கள். நடிப்பை வியந்து போற்றுங்கள். பின்னர் உங்கள் வீட்டு முதியோரிடம், மலாயா சென்று மீளாத உறவினர் எவரேனும் உண்டோ என்று ஒருமுறை கேளுங்கள்.