கொடுக்கத் தெரிந்த சபை



நாங்கள் பிழைப்பைத் தேடிவந்து குடியேறிய கழக்கூட்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் தும்பா கடற்கரை இருக்கிறது. அங்குள்ள புனித மகதலேனா மரியாள் ஆலயத்தின் சரித்திரம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

இக்கடற்கரையின் கிறிஸ்தவ வேர்கள் பழமையானவை. முத்துக்குளித்துறையில் ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து கற்பித்த பிரான்சிஸ் சவேரியார், 1544-இல் திருவிதாங்கூர்க் கரையோர மீனவரிடையே ஊழியம் செய்தார். தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் தங்கள் ஆலயத்தைச் சுற்றியே வாழ்ந்தனர்.

பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு அருகே செல்கிறது. மேல்வளிமண்டலத்தை ஆராய ஏற்ற இடமாக விஞ்ஞானிகள் அதைக் கண்டனர். 1960-களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவைச் சந்தித்து, ஆலயத்தையும் நிலத்தையும் கேட்டார். ஆயர் ஞாயிறு ஆராதனையில் சபையாரிடமே அதை முன்வைத்தார் என்றும், அவர்கள் "ஆமென்" என்று சம்மதித்தார்கள் என்றும் அப்துல் கலாம் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆலயம் பணிமனையாயிற்று, ஜெபம் ஏறெடுக்கப்பட்ட இடத்தில் ராக்கெட் பாகங்கள் பொருத்தப்பட்டன. 1963 நவம்பர் 21 அன்று, அமெரிக்கத் தயாரிப்பான நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து விண்ணில் பாய்ந்தது. அந்த ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். சபையோ பள்ளித்துறையில் வேறோர் ஆலயத்தில் தேவனைத் தொழுகிறது.

ராக்கெட்டைக் கண்டு வியக்கிறோம். ஆனால் மீனவனுக்குக் கரைதானே பிழைப்பு! பெற்றோரின் திருமணம் நடந்த ஆலயத்தை விட்டு, மூட்டை முடிச்சுகளோடு நடந்தவர்களின் கண்ணீரை எந்த அருங்காட்சியகம் காட்டும்? உபதேசத்தில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடுகள் உண்டு. ஆயினும் அந்த "ஆமென்" எவ்வளவு விலையேறப்பெற்றது!

எங்கள் சிறு சபை வாடகைக் கூடத்தில் கூடுகிறது. அதையும் விரைவில் காலிசெய்ய வேண்டும். சொந்த ஆலயத்திற்காக உபவாசித்து ஜெபிக்கிறோம். அது நல்ல ஜெபமே. ஆனால் தேவன் கொடுத்ததை அவரே திரும்பக் கேட்டால், "ஆமென்" சொல்லும் இருதயம் நமக்கு உண்டா? 2 சாமுவேல் 7-ஆம் அதிகாரத்தைத் தியானியுங்கள்: தாவீது வீடு கட்ட விரும்பினான், தேவனோ கூடாரத்தில் தம் ஜனத்தோடு உலாவியதை அவனுக்கு நினைப்பூட்டினார்.

ஆகவே, வேறு கூடம் கிடைக்கும்வரை வீடுகளில் கூடுவோம். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நிற்காதிருக்கட்டும். கட்டடம் கைமாறலாம், சபை கலைந்துபோகலாகாது. கொடுக்கிற இருதயத்தைக் கர்த்தர் நமக்கு அருளுவாராக. ஆமென்.