கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே

தென் இங்கிலாந்தின் வின்செஸ்டரில், ஹை ஸ்ட்ரீட் கிழக்கே முடியும் இடத்தில், இட்சென் ஆற்றின் மேலேயே நிற்கிறது நகர ஆலை. 1086-இன் டூம்ஸ்டே நிலப் பதிவேட்டிலேயே இங்கிருந்த ஆலை இடம்பெற்றிருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1740-களில் திரும்பக் கட்டப்பட்டது. முதல் உலகப்போரின்போது சலவைக்கூடம், பிற்பாடு இளைஞர் விடுதி என்று பல வேடம் போட்டுவிட்டு, 2004-இல் மறுபடி கோதுமை அரைக்கத் தொடங்கியது. 1928 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பு இதைப் பராமரிக்கிறது.

மாவு அரைக்கும் நாள் பார்த்துப் போயிருந்தேன். ஆலைக்காரர் மதகுப் பலகையைத் தூக்கியதும் காலடியில் தரை அதிர்ந்தது. நீர்ச்சக்கரம் நிதானமாகத்தான் சுற்றுகிறது. அதன் அச்சிலுள்ள பெரிய பற்சக்கரம் நிமிர்ந்த தண்டைத் திருப்ப, தண்டிலிருந்து இன்னொரு பெரிய சக்கரம் சின்னச் சக்கரத்தை விரட்ட, வேகம் படிப்படியாக ஏறுகிறது. அந்தச் சின்னச் சக்கரம் சுழற்றும் நான்கடி விட்ட அரைகல் நிமிடத்துக்குச் சுமார் 120 சுற்று சுற்றும் என்பது இத்தகைய ஆலைகளின் பொதுக்கணக்கு. இரும்புப் பல்லோடு சேரும் சக்கரத்துக்கு மரப்பல் வைப்பது பழைய வழக்கம். சத்தம் குறையும், ஏதாவது சிக்கினால் மரப்பல் மட்டும் முறியும், மாற்றிக்கொள்ளலாம்.

“கல் இரண்டும் நன்றாக அழுத்தி அரைக்குமோ?” என்று கேட்டேன். நம் வீட்டுத் திருகையை மனத்தில் வைத்துக் கேட்ட கேள்வி.

“தொடவே கூடாது” என்றார். “தொட்டால் தீப்பொறி. மாவுத்தூசி பறக்கும் இடத்தில் பொறி விழுந்தால் கட்டடமே போய்விடும்.”

கீழ்க்கல் அசையாது, மேல்கல் மட்டும் சுழலும். நடுவே இடைவெளி, விளிம்பை நெருங்க நெருங்க அது காகிதக் கனத்துக்குக் குறுகும். கற்களின் முகத்தில் கொத்திய சால்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும்போது தானிய மணி வெட்டுப்படுகிறது. அதே சால்கள் காற்றை உள்ளே விட்டுச் சூட்டைத் தணிக்கின்றன, மாவை வெளியே தள்ளுகின்றன. தானியம் தீர்ந்தால் கற்களைப் பிரித்துவைக்க எதுவும் இல்லை. அதனால்தான் தானியத் தொட்டி காலியாகும் முன் மணியடிக்கும் ஏற்பாட்டைப் பல ஆலைகளில் செய்திருந்தார்கள்.

தானியம் விழும் அளவைக் கல்லே பார்த்துக்கொள்கிறது. மேல்கல்லோடு சுழலும் சதுரத் தண்டு, தொட்டிக்குக் கீழே சாய்ந்த மரத்தட்டை ஓயாமல் தட்டுகிறது. கல் வேகமெடுத்தால் தட்டலும் கூடும், தானியமும் கூடும். இடைவெளியை மட்டும் ஆள்தான் கவனிக்க வேண்டும். ஆலைக்காரர் வாய்க்காலில் வழியும் மாவை விரலிடையில் தேய்த்துப் பார்த்தார், இடைவெளியை மாற்றும் திருகாணியை ஒரு பொட்டு முறுக்கினார், மீண்டும் தேய்த்தார்.

சால்கள் மழுங்கினால் மேல்கல்லைத் தூக்கிப் புரட்டி, உளி முனையுள்ள சுத்தியலால் கொத்த வேண்டும். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் இதையே பிழைப்பாகச் செய்தவர்கள் இருந்தார்கள். இன்று கைதேர்ந்தவர்கள் சொற்பம்.

மரப்பல்லை அளவெடுத்து இன்னொரு தச்சர் செய்துவிடலாம். சுவரையும் கூரையையும் பழுதுபார்க்கலாம். கல்லுக்கு நடுவேயுள்ள இடைவெளியை விரலால் அறியும் பழக்கம் அப்படி வராது. மாவு விழுந்தால்தான் விரலுக்கு வேலை. ஆலையை ஓட்டிக்கொண்டே காப்பாற்றுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.