தூதனுக்கு என்ன கூலி?

நுவார் என்றதும் முதலில் கைக்கு வருவது தொப்பி, மழை, சிகரெட் புகை, சுவரில் விழும் ஜன்னல் பட்டைகளின் நிழல். தேவதைக் கதை ஒன்றை நுவார் திரைக்கதையாக்கு என்றால், சிவப்புத் தொப்பிச் சிறுமிக்கு லிப்ஸ்டிக் பூசி, ஓநாய்க்குக் கோட்டு மாட்டி நைட் கிளப்பில் உட்காரவைக்கலாம். டெக்ஸ் ஏவரி 1943லேயே 'ரெட் ஹாட் ரைடிங் ஹுட்' என்ற கார்ட்டூனில் அதைச் செய்து சிரிக்கவைத்துவிட்டார். கேலிக்கு அது போதும். முழுப் படத்துக்குத் தாங்காது.

நான் உதவியாளராக இருக்கும் திரைக்கதை ஆசிரியர் டிஸ்கஷனில் இந்தத் தொப்பியைத்தான் முதலில் கழற்றுவார். "லைட்டிங்க கேமராமேன் பாத்துக்குவாரு. நீ கணக்கப் பாரும்மா. யாரு யாருக்கு என்ன கடன்பட்டிருக்கா?" படம் எதுவும் கையில் இல்லாத மாதங்களில் எங்களுக்கு அவர் தரும் பயிற்சி இது: கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலிருந்து ஒரு கதையை எடுத்து, 1940களின் லாஸ் ஏஞ்சலீஸில் நடக்கும் நுவாராக எழுத வேண்டும். மெட்ராஸுக்குக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் ட்ராம் வண்டி, ஹார்பர் என்று ஊரைக் காட்டுவதிலேயே பாதி சீன் போய்விடும் என்பார். தவிர, ஃப்ரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக், பில்லி வைல்டர் எல்லாம் பெர்லின் சினிமாவில் வேலை பார்த்துவிட்டு, ஹிட்லர் வந்ததும் வெளியேறி, கடைசியில் ஹாலிவுட்டில் போய் நின்றவர்கள். கிரிம் கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார்கள். அந்தக் காட்டுக்கும் இந்த நகரத்துக்கும் நடுவே பாதை ஏற்கெனவே இருக்கிறது.

இன்டர்வல் பிளாக் எங்கே வைப்பது என்று கேட்டேன். "'டீடூர்' பாத்தியா? எழுபது நிமிஷம்கூட இல்ல. பாப்கார்னுக்கு எழுந்து போறதுக்குள்ள ரெண்டு சாவு" என்றார்.

நான் முதலில் எடுத்தது கிரிம் கதைகூட இல்லை. பெரோ 1697இல் வெளியிட்ட தொகுப்பிலிருக்கும் நீலத்தாடிக்காரன். மனைவிகளைக் கொன்று ஓர் அறையில் பூட்டிவைத்திருக்கும் கணவன், சாவி, திறக்கக் கூடாத கதவு. ஒன்லைன் ஆர்டரைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டார். லாங் 1947இல் 'சீக்ரெட் பியாண்ட் த டோர்' என்று அதைத்தான் எடுத்திருக்கிறார். கணவன் ஆர்க்கிடெக்ட், கொலைகள் நடந்த அறைகளை அப்படியே தன் வீட்டுக்குள் கட்டிவைத்திருக்கிறான், ஏழாவது அறை மட்டும் பூட்டியிருக்கிறது. "இது பொறந்ததுலேர்ந்தே நுவார். நீ டைப் மட்டும்தான் அடிப்ப. குழந்தைங்களுக்குச் சொன்னா சிரிக்கிற கதையா எடு."

அப்படி வந்து சேர்ந்தது ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின்.

மாவு மில்காரன் ஒருவன் ராஜாவிடம், என் மகள் வைக்கோலைத் தங்கமாக நூற்பாள் என்று பீற்றிக்கொள்கிறான். ராஜா அவளை வைக்கோல் அறையில் பூட்டி, விடிவதற்குள் நூற்காவிட்டால் தலை இருக்காது என்கிறான். ஒரு குள்ளன் வந்து நூற்றுத் தருகிறான். முதல் இரவுக்குக் கழுத்து மாலை, இரண்டாவதுக்கு மோதிரம், மூன்றாவதுக்கு அவள் ராணியானால் பிறக்கப்போகும் முதல் குழந்தை. அதுவரை என்னவாகுமோ யார் கண்டது என்று அவளும் சம்மதிக்கிறாள். குழந்தை பிறந்ததும் வந்து நிற்கிறான். அவள் அழ, மனம் இளகி, மூன்று நாளில் என் பெயரைக் கண்டுபிடித்தால் குழந்தை உனக்கே என்கிறான். ராணி ஊரெல்லாம் ஆள் அனுப்புகிறாள். காட்டோரத்தில் நெருப்பைச் சுற்றி ஆடிக்கொண்டு குள்ளன் தன் பெயரையே பாடுவதை ஒரு தூதன் கேட்டுவந்து சொல்கிறான். முடிந்தது.

இதை நுவார் கணக்கில் படித்தால் தலைகீழாகிவிடுகிறது. அப்பன் பொய்யன். ராஜா பேராசைக்காரன், இரண்டு தடவை கொலை மிரட்டல் விட்டவன். ராணி பேசிய பேச்சைக் காப்பாற்றாதவள். சொன்ன வேலையைச் சொன்ன கூலிக்குச் சொன்ன நேரத்தில் முடித்தவன் குள்ளன் ஒருவன்தான். அந்தக் கதையில் இரக்கப்படுகிறவனும் அவன்தான். இழப்பதும் அவன்தான்.

அடுத்து மந்திரத்தை அகற்றும் வேலை. மந்திரத்தைத் தூக்கி எறிந்துவிட முடியாது, கதையின் பாரம் அதன் மேல்தான் நிற்கிறது. சார் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: கதையில் அந்த மந்திரம் பார்க்கிற வேலை என்ன? வைக்கோல் தங்கமாவது என்றால், ஒன்றுக்கும் உதவாத பொருள், யாரும் பார்க்காத இரவில், வேறொருவர் கைவேலையால், விடியும்போது மதிப்புள்ளதாகிவிடுகிறது. பெயர் இன்னொருவருக்குப் போகிறது. நகரத்தில் அப்படி நடக்கும் இடம் கணக்குப் புத்தகம். ஆக ராஜா ஒரு சேமிப்பு-கடன் கம்பெனி முதலாளி. கொடுத்த கடனெல்லாம் வாராக்கடன். காலையில் இன்ஸ்பெக்டர் வருகிறார். வேலை போய்விடும் பயத்தில் பழைய குமாஸ்தா ஒருவர், என் மகள் பென்சிலை எடுத்தால் எந்தக் கணக்கும் நேராகிவிடும் என்று உளறிவைக்கிறார். மகள் வெறும் டைப்பிஸ்ட். லெட்ஜர் அறையில் அவளைப் பூட்டுகிறார்கள். இரவில் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டும் ஆள் கதவைத் திறக்கிறான். ஒரு காலத்தில் வேறொரு ஊரில், வேறொரு பெயரில், அவன் கணக்காளன்.

பெயருக்கு ஏன் அவ்வளவு சக்தி என்பதற்கும் இதிலேயே விடை வந்துவிட்டது. வேறு பெயரில் வாழ்கிறவனுக்குத்தான் சொந்தப் பெயர் ஆயுதம். 1946இல் சியோட்மாக் எடுத்த 'த கில்லர்ஸ்', 1947இல் ழாக் தூர்னர் எடுத்த 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' இரண்டிலும் நாயகன் ஒரு சின்ன ஊர் பெட்ரோல் பங்கில் பெயரை மாற்றிக்கொண்டு கிடப்பான். பழைய பெயர் தெரிந்த ஒருவன் காரில் வந்து இறங்கினால் கதை தொடங்கிவிடும்.

திரைக்கதைத் தாளில் இது ஒரு சிக்கல். வசனத்துக்கு மேல் பேசுகிறவர் பெயரைப் போட வேண்டுமே. 'ஆள்' என்று போட்டு எழுதினேன். பெயர் தெரிந்த சீனுக்குப் பிறகு அந்தப் பெயரையே தலைப்பாகப் போட்டிருந்தேன். சார் சிவப்பு மையால் அதையெல்லாம் அடித்து மறுபடி 'ஆள்' ஆக்கினார். "கடைசிவரைக்கும் அவளுக்கு இவன் ஆள்தானே?"

யார் கண் வழியாகக் கதை போக வேண்டும் என்பதில்தான் நாங்கள் அதிகம் மல்லுக்கட்டினோம். நான் அவளை நாயகியாக வைத்திருந்தேன். "மூணு நாள்ல ஒரு பேரக் கண்டுபிடின்னு ஒருத்தன அனுப்பறா. ஏன் தேடறோம்னு அவனுக்குத் தெரியாது. இவனுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்றார். அப்போதுதான் தூதனைப் பார்த்தேன். கதையில் மூன்று வாக்கியம்கூடப் பேசாத அந்தத் தூதன், தனியார் டிடெக்டிவ். இத்தனைக்கும் 1812இல் வந்த முதல் பதிப்பில் அவன் கிடையாது. வேட்டைக்குப் போன ராஜாவே கேட்டுவந்து சொல்கிறான். பிந்தைய பதிப்புகளில்தான் தூதன் நுழைகிறான். நம் ஊரில் 'அந்த நாள்' (1954) படத்துக்குத் திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே படத்தில் துப்பறியும் அதிகாரியாக வந்து எல்லோரையும் விசாரிப்பார். கதை எழுதுகிறவன் உட்கார வேண்டிய நாற்காலி அதுதான் என்று சார் அடிக்கடி சொல்வார்.

டிடெக்டிவ் வந்தால் வாய்ஸ் ஓவரும் வரும். தேவதைக் கதையைச் சொல்கிற குரல் யாருடையதும் அல்ல, அதற்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. நுவார் குரல் அப்படியல்ல. 'டபுள் இன்டெம்னிட்டி'யில் (1944) தோளில் குண்டு பாய்ந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், நள்ளிரவில் ஆபீசுக்கு வந்து டிக்டாபோனில் பேசுகிறான். நம்மிடமா பேசுகிறான்? தன் சக ஊழியனும் நண்பனுமான கீஸிடம். அதனால்தான் ஒவ்வொரு வரியும் வாக்குமூலமாகவும் நட்பாகவும் ஒரே சமயத்தில் ஒலிக்கிறது. என் தூதன் யாரிடம் பேசுவான்? வளர்ந்த குழந்தையிடம், போலீஸிடம், பாதிரியாரிடம் என்று பல விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் அழுகைப் பேச்சாகவே வந்தது. கடைசியில் அவன் வாடிக்கையாளருக்கு அனுப்பும் செலவுக் கணக்காக மாற்றினேன்: "செவ்வாய். பெட்ரோல், எட்டு காலன். மோட்டல், ஒரு இரவு. மரக்கடைக்காரனைப் பேசவைக்க, இரண்டு டாலர்." ஒவ்வொரு வரிக்கும் ஒரு சீன் திறக்கும். அழ வேண்டியதை அவன் எண்ணாகச் சொல்லிவிட்டுப் போவான். இந்தப் பயிற்சியில் எனக்கே பிடித்துப்போன வேலை இது.

பெரிய முடிச்சு அதற்கப்புறம்தான். ஒளிந்து வாழ்கிறவன் தன் பெயரை ஏன் சத்தமாகப் பாட வேண்டும்? குழந்தைக்குச் சொல்லும்போது இது யாருக்கும் உறுத்துவதில்லை. டிடெக்டிவ் கதையில் இப்படி ஒரு தற்செயலை வைத்தால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். குடித்துவிட்டு உளறுகிறான் என்று எழுதினால் மலிவு. சார் விடை சொல்லவில்லை, "அவனுக்குக் குழந்தை எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்டார். கிரிம் கதையிலேயே ராணி நாட்டுச் செல்வமெல்லாம் தருகிறேன் என்கிறாள். அவன் மறுத்து, உயிருள்ள ஒன்றுதான் தனக்குப் பெரிது என்கிறான். பெயரில்லாதவனுக்குப் பெயர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு போனதும் சீன் வந்தது. மலைப் பக்கம் ஒரு வாடகை வீடு. இரவு. மரக்கடையில் வாங்கிய பலகையில் அவனே ஒரு தொட்டில் செய்திருக்கிறான். தலைமாட்டுப் பலகையில் உளியால் எழுத்து செதுக்குகிறான்: தன் குடும்பப் பெயர். பல வருடங்களுக்குப் பிறகு அதை முதல் தடவையாக எழுதுகிறான். ஜன்னலுக்கு வெளியே, இருட்டில், தூதன் ஒவ்வொரு எழுத்தாகக் குறித்துக்கொள்கிறான். கடைசி எழுத்தை அவன் ஊதிவிட்டு மரத்தூளைத் தட்டுகிற வரை காத்திருக்கிறான்.

இந்த சீனை எழுதிய பிறகுதான் எனக்கு நுவார் கொஞ்சம் பிடிபட்டது. தேவதைக் கதையில் கெட்டதை ஏற்றினால் அது நுவார் ஆகாது. அதில் இருக்கிற ஒரே நல்ல செயலைக் கண்டுபிடித்து, ஆள் கவிழ்வதற்கு அதையே காரணமாக்க வேண்டும். குள்ளன் மூன்று நாள் அவகாசம் தராமலிருந்தால், தொட்டில் செய்யாமலிருந்தால் ஜெயித்திருப்பான். 'த கில்லர்ஸ்' படத்தின் நாயகன் ஸ்வீடு, தான் விரும்பிய பெண்ணைக் காப்பாற்ற அவள் திருட்டைத் தன் மேல் போட்டுக்கொண்டு சிறைக்குப் போகிறான். அங்கே ஆரம்பித்த சரிவுதான் கடைசிவரை. திரும்பப் பார்த்தால் பல படங்களில் இது அடியில் ஓடுகிறது.

முடிவு வேறு தலைவலி. குள்ளன் கோபத்தில் தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொள்வதாகத்தான் பலரும் படித்திருப்போம். நான் போலீஸ், கைவிலங்கு என்று போனேன். சார் உடனே ஓட்டையைக் காட்டினார்: அவன் பிடிபட்டால் லெட்ஜர் கதையும் வெளியே வந்துவிடும், அவளும் மாட்டுவாள், பிறகு அவள் எப்படி அந்தப் பெயரைப் போலீஸிடம் சொல்லுவாள்? 1812 பதிப்புக்குத் திரும்பினேன். அதில் கிழித்துக்கொள்வதெல்லாம் இல்லை. கோபமாக ஓடிப்போகிறான், திரும்பி வரவே இல்லை. எனக்கு வேண்டியது அதுதான். அவள் வாசற்படியில் நின்று பெயரைச் சொல்கிறாள், மெதுவாக. அவன் தொட்டிலை நடைபாதையில் வைத்துவிட்டுப் போகிறான்.

ஆனால் 1940களின் ஹாலிவுட்டில் இத்துடன் விட மாட்டார்கள். 1934 முதல் கறாராக அமலான தணிக்கை விதியின்படி குற்றம் செய்தவர் தப்பக் கூடாது. கிரிம் கதை ராணியைக் குழந்தையோடு நிம்மதியாக விட்டுவிடுகிறது; நீதி விஷயத்தில் பாட்டி கதையைவிட ஹாலிவுட் கறார். சரி, தண்டனை எப்படிக் கொடுப்பது? வைல்டர் 'டபுள் இன்டெம்னிட்டி'க்கு விஷவாயு அறையில் மரண தண்டனைக் காட்சியை செட் போட்டு எடுத்துவிட்டு, பிறகு வேண்டாமென்று நீக்கினார். ஆபீஸ் வாசலில் அடிபட்டுக் கிடப்பவன் வாயில் இருக்கும் சிகரெட்டுக்கு நண்பன் நெருப்பு வைப்பதோடு படம் முடிகிறது. அதை மனதில் வைத்துச் சிறையையும் கோர்ட்டையும் விட்டுவிட்டேன். முதலாளிக் கணவன் இரவு உணவின்போது, இந்த வருஷமும் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்கிறான். லெட்ஜர் அறை. கதவு பூட்டப்படுகிறது. பென்சிலோடு அவள். லிஃப்ட் வரும் சத்தம் கேட்கவில்லை. மேசைமேல் அன்றைய தபாலில் தூதனின் பில்.

அந்தப் பில்லைத் தூதன் அனுப்பாமல் கிழித்துப்போடுவதாக ஒரு டிராஃப்ட் இருந்தது. "கிழிச்சா நல்லவனாயிடுவான், ஆடியன்ஸ் நிம்மதியா வீட்டுக்குப் போயிடும். அனுப்பட்டும். முழுத் தொகைக்கும் அனுப்பட்டும்" என்றார் சார். அனுப்பிவிட்டான். மரக்கடை இரண்டு டாலர் உட்பட.

இப்போது ஸ்னோ ஒயிட். ராணிக்கும் கண்ணாடிக்கும் எத்தனையோ படங்கள் வந்தாகிவிட்டன, அந்தப் பக்கம் போகாதே என்று உத்தரவு. கொல்லச் சொல்லிக் காட்டுக்கு அனுப்பப்பட்ட வேட்டைக்காரன், சிறுமியை விட்டுவிட்டு ஒரு காட்டுப்பன்றிக் குட்டியின் ஈரலையும் நுரையீரலையும் அத்தாட்சியாகக் கொண்டுவருகிறான். ராணி அதை உப்புப் போட்டுச் சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிடுகிறாள். அதோடு வேட்டைக்காரன் கதையிலிருந்தே காணாமல் போகிறான். கூலி வாங்கினானா, ஊரை விட்டு ஓடினானா, ராணிக்கு எப்போது தெரிந்தது? சமைத்தவனுக்குப் பன்றி ஈரல் எதுவென்று தெரியாமலா இருந்திருக்கும்? முதல் சீனைச் சமையலறையில் வைத்திருக்கிறேன்.