எடின்பரோவில் ஒரு மைல்

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் குன்றின்மேல் கோட்டையும் அடிவாரத்தில் அரண்மனையும் இருக்கின்றன. இரண்டையும் இணைத்துச் சரிந்து செல்லும் வீதிக்கு 'ராஜ மைல்' என்று பெயர். மே மாதத்தில் ஒரு நாள் அவ்வீதி வழியே இறங்கினேன். பிடித்த குடையைக் காற்று இரண்டு முறை புரட்டிவிட்டது; பிறகு அதை மடக்கிக்கொண்டு நனைந்தபடியே நடந்தேன். அரசாங்க அமைப்பைக் கரும்பலகையில் கட்டம் கட்டமாக எழுதிக்காட்டி அலுத்தவன் நான். அதே பாடம் இங்கே ஒரே தெருவில் கற்கட்டடங்களாக நிற்கக் கண்டேன்.

பாதி வழியில் ஸெயின்ட் கைல்ஸ் தேவாலயம். அதன் பின்னால் பழைய பார்லிமெண்டு மண்டபம். 1707-ல் இங்கிலாந்துடன் ஐக்கியமானபோது அந்தச் சபை மறைந்தது. இன்று அம்மண்டபத்தில் வக்கீல்கள் மேலும் கீழும் உலாவியபடி வழக்கு விவகாரம் பேசுகிறார்கள். வீதியின் மறுபுறத்தில் நகரசபை மாளிகை. அதைப் பற்றிப் பின்னர் சொல்லுகிறேன்.

வீதியின் கீழ்க்கோடியில், அரண்மனைக்கு எதிரே இருப்பது புதிய பார்லிமெண்டு. இது எளிதில் வந்ததன்று. 1979-ல் நடந்த ஜனவாக்கெடுப்பில் வோட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் சபை வேண்டுமென்றே சொன்னார்கள். ஆயினும், மொத்த வாக்காளரில் நூற்றுக்கு 40 பேராவது ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதைக் கெடுத்துவிட்டது. 1997-ல் மீண்டும் கேட்டபோது வாக்களித்தோரில் நூற்றுக்கு 74 பேர் சம்மதித்தனர். 1999-ல் சபை கூடிற்று. கட்டடத்துக்கு அதிகம் போனால் 4 கோடி பவுன் ஆகும் என்று முதலில் மதிப்பிட்டார்களாம். 2004-ல் திறப்பு விழா நடந்தபோது கணக்கு 41 கோடியைத் தாண்டியிருந்தது! வீடு கட்டிப் பார்த்த நேயர்களுக்கு இதில் அதிசயம் தோன்றாது.

பார்வையாளர் மாடத்துக்குக் கட்டணம் இல்லை. கீழே 129 அங்கத்தினர்களுக்கும் பாதி வட்டமாக ஆசனங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ், நீதிமன்றம் எல்லாம் இச்சபையின் பொறுப்பு. 1998-ஆம் வருஷத்துச் சட்டம் இதை அமைத்த விதம் விநோதமானது. ராணுவம், அயல்நாட்டு விவகாரம், நாணயம் முதலியன லண்டனுக்கு என்று அது பட்டியல் போடுகிறது. பட்டியலில் இல்லாதவை எல்லாம் எடின்பரோவுக்கு. நம் அரசியல் சட்டத்திலோ எஞ்சிய அதிகாரம் மத்திய சர்க்காரைச் சேர்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பாக்கியசாலிகள் என்று எண்ணி மேலே படித்தேன். எந்த விஷயத்திலும் ஸ்காட்லாந்துக்குச் சட்டம் செய்யும் அதிகாரம் லண்டனுக்குக் குறையவில்லை என்று அதே சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது! இங்கே நிறைவேறிய ஒரு மசோதாவை, அச்சட்டத்தின் வேறொரு பிரிவைக் கொண்டு 2023 ஜனவரியில் லண்டன் மந்திரி முதன்முறையாகத் தடுத்தும் விட்டார். கொடுத்த கை முழுவதும் விட்டுவிடவில்லை.

வெளியே வந்து பெஞ்சியில் அமர்ந்தபோது பக்கத்தில் ஒரு முதியவர் இருந்தார். ஓய்வுபெற்ற உபாத்தியாயர், தொழில் ஒன்றானதால் பேச்சு வளர்ந்தது. "லண்டனைக் குறை சொல்லுகிறோம், எடின்பரோ மட்டும் என்ன செய்தது?" என்று கேட்டார் அவர். 1975 வரையில் ஸ்காட்லாந்தில் சுமார் 200 பட்டண சபைகள் இருந்தன. அவருடைய சிற்றூருக்கும் ஒன்று இருந்ததாம். தெருவிளக்கு எரியாவிட்டால் சபைத் தலைவரை அவருடைய கடையிலேயே பிடித்துக் கேட்கலாமாம். 1975-ல் லண்டன் பார்லிமெண்டின் சட்டம் அவற்றைக் கலைத்தது. 1996 முதல் நாடு முழுவதற்கும் 32 சபைகளே. அவற்றுள் ஹைலண்ட்ஸ் சபை ஒன்றின் எல்லை மட்டும் வேல்ஸ் தேசத்தைவிட விசாலமானது. பள்ளிகளை நடத்துவதும் குப்பை அள்ளுவதும் இச்சபைகள்தாம். ஆனால் செலவுக்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி எடின்பரோ சர்க்காரிடமிருந்தே வரவேண்டும். ஸ்தல வரியைப் பல வருஷங்கள் உயர்த்தவொட்டாமல் வைத்திருந்ததும் அந்தச் சர்க்கார்தான்.

புதிய பார்லிமெண்டு இதை உணராமலில்லை. 2021-ல் ஸ்தல சுயாட்சிக்குப் பாதுகாப்பளிக்கும் மசோதா ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றியது. அதன் சில பகுதிகள் அதிகார எல்லையை மீறியவை என்று லண்டனிலுள்ள உச்ச நீதிமன்றம் அவ்வருஷமே தீர்ப்பளித்தது.

திரும்பும்போது நகரசபை வாசலில் சற்று நின்றேன். ஒரு பெண்மணி கையில் காகிதக் கட்டுடன் உள்ளே போனாள். எடின்பரோவாசிக்கு இந்த வாசல் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. முதியவரோ தம் ஊர்ச் சபை அலுவலகத்துக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போகவேண்டும் என்று சொல்லியிருந்தார்.