பச்சையை அழித்தல்

சேலம், நாமக்கல் பகுதிச் சிற்றூர்களில் முதியோள் ஒருத்தியின் முன்கையை நோக்குவோர், ஆங்குக் கோலமோ தேளோ பச்சையாய் விளங்கக் காண்பர். அகத்தியிலையையும் மஞ்சளையும் துணியிற் சுருட்டித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியிற் படியும் கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்துக் குத்தும் முறையைத் தர்ஸ்டன் என்னும் அறிஞர் எழுதிவைத்துள்ளார். ஞானஸ்நானம் பெறுமுன் இட்ட அக்கோலத்தை எம் பாட்டியார் இறுதிவரை அழிக்க எண்ணியதில்லை.

இளைஞர் நிலையோ வேறு. திருவிழாக் கடையில் விரும்பிய பெயரைக் குத்திக்கொண்டு, பின்னர்ப் படையிற் சேர விழைகின்றனர். இந்தியத் தரைப்படையின் ஆட்சேர்ப்பு விதிகள், பழங்குடியினர்க்கு அவர்தம் மரபு கருதி விலக்களித்து, ஏனையோர்க்கு முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிலையான பச்சையை ஏற்கின்றன. இராசிபுரத்தை அடுத்த ஊரினராகிய எம் உறவினர் ஒருவர், ஆட்சேர்ப்புக்கு இருபது நாளே இருக்கையில், புயத்திலிருந்த எழுத்துக்களின்மேற் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, இரவு முழுதும் கட்டிவைத்தார். தோல் வெந்து புண்ணாயிற்று. ஆறியபின் தடித்த தழும்பும், அதனூடே பழைய எழுத்தும் எஞ்சின.

இதற்குக் காரணம் யாது? மை மேல்தோலில் தங்குவதன்று. அதன் கீழுள்ள உட்தோலில் உயிரணுக்கள் அதனை விழுங்கிப் பற்றியிருக்கின்றன. உப்பிட்டுத் தேய்க்கும் முறையைக் கி.பி. 6-ஆம் நூற்றாண்டிலேயே ஏட்டியஸ் என்னும் கிரேக்க மருத்துவர் குறித்துள்ளார். உப்பாயினும் அமிலமாயினும் சுண்ணாம்பாயினும், தோலை அழித்தே மையை அடையவேண்டும்.

1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் இருவர், குறித்த நிறப்பொருள் மட்டும் சூடேறுமாறு ஒளியைச் செலுத்தும் நெறியை விளக்கினர். அந்நெறிப்பட்ட லேசர் ஒளி மையை நுண்துகளாகச் சிதைக்க, உடலே அத்துகள்களை மெல்ல அகற்றும். ஆதலின் வாரக்கணக்கான இடைவெளியிட்டுப் பன்முறை செய்தல் வேண்டும். ஆயினும் எம்மனோர் தோலின் கருமைக்குக் காரணமாகிய மெலனினும் அவ்வொளியைப் பருகுமாகலின், கொப்புளமும், வெண்திட்டும், கருந்திட்டும், தழும்பும் நேரக்கூடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுடைய ஒளியை மெலனின் குறைவாகவே பருகும். கருந்தோலினர்க்கு மருத்துவர் அதனைத் தேர்வது இதுபற்றியே.

ஆகவே, அழித்தே தீரவேண்டுமெனின், பெயர்ப்பலகை கண்டு அழகு நிலையத்துட் புகாது, தோல்மருத்துவரை நாடுதலே தக்கது. பச்சை குத்த ஒரு நாழிகை போதும்; அகற்ற ஓராண்டும் போதாது போகலாம். ஆட்சேர்ப்பு நாளை எண்ணியிருக்கும் நண்பர்கள் இக்கணக்கையும் உடன் எண்ணுவாராக.